ஜோடித் தேர்வு

மார்ச் 4

மகளின் அப்பாவுக்கு,

நலம், நலமறிய ஆவல் என்று எழுதத்தான் கை போகிறது. பழக்கதோஷம். உண்மையில் ஒரு காரியமாகத்தான் எழுதுகிறேன்.

மகள் போட்ட நிபந்தனை உங்களுக்கும் தெரியும். "போன்ல பேசினா ரெண்டு பேரும் கத்துறீங்க. அப்புறம் தனித்தனியா எனக்குப் போன் பண்ணி அழுறீங்க. இனிமே எதுவா இருந்தாலும் லெட்டர்ல எழுதிக்கோங்க, எழுதும்போதாவது யோசிப்பீங்க" என்றாள். அவள் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. திட்டி எழுதி, மடித்து, ஒட்டி, தபால் பெட்டி வரை நடப்பதற்குள் பாதிக் கோபம் காலோடு போய்விடுகிறது. மீதியைத்தான் உங்களுக்கு அனுப்புகிறேன்.

எங்கள் தையல் கம்பெனிக்குப் பின்னால் ஒரு சமூகக்கூடம் இருக்கிறது. அதில் பெண்களுக்கு ஜூடோ வகுப்பு ஆரம்பித்திருக்கிறார்கள். கட்டிங் டேபிளில் நாள் முழுக்க நின்று மரத்துப்போன இடுப்போடு ஒரு சாயங்காலம் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். கோச் நம் மகள் வயதுப் பையன். அன்றைக்கு ஒரு பெண்ணுக்கு ஜோடி இல்லை. "யாராவது சும்மா வந்து நிக்கிறீங்களா?" என்றான். நான் போய் நின்றேன். அவள் என் சட்டையைப் பிடித்ததுதான் தெரியும், அடுத்த நொடி அவள் மெத்தையில் கிடந்தாள். நான் ஒன்றும் செய்யவில்லை, உடம்பு தானாகத் திரும்பிவிட்டது. அந்தப் பெண்ணைவிட நான்தான் அதிகம் பயந்தேன்.

"எங்க கத்துக்கிட்டீங்கம்மா?" என்று கோச் கேட்டான். சொன்னேன். பிரவுன் பெல்ட் வரை வந்ததையும், பிளாக் பெல்ட் தேர்வுக்குப் பெயர் கொடுத்திருந்தபோது பள்ளியே மூடிப்போனதையும் சொன்னேன். பழைய பள்ளியிலிருந்து யாராவது ஒருவர் நான் பிரவுன் பெல்ட்தான் என்று எழுதிக் கொடுத்தால் ஜூனில் தேர்வுக்கு நிற்கலாம் என்கிறான். எனக்கு அந்தத் தேர்வு வேண்டும். ஐம்பத்துமூன்று வயதில் எதற்கு என்று கேட்காதீர்கள். இந்த வருஷம் விட்டால் முட்டி விடாது. எனக்கென்று ஆசைப்பட்டு நான் பாதியில் விட்டது வாழ்க்கையில் அது ஒன்றுதான்.

ஆகவே நம் இருவருக்கும் சொல்லிக்கொடுத்த மாஸ்டர் எங்கே போனார், அவர் வீட்டில் யாராவது அங்கே இருக்கிறார்களா என்று எழுதுங்கள். ஊரையே சங்கிலி போட்டு அளந்த சர்வேயர் நீங்கள். ஒரு ஜூடோ பள்ளி போன வழி தெரியாமலா இருக்கும்?

நான் ஏன் வீட்டை விட்டு வந்தேன் என்று அரைத்த மாவையே அரைக்கப் போவதில்லை. ஞாயிறுதோறும் சர்வே இருக்கிறது என்று கிளம்பிப் போன மனிதரின் ஆபீசில் ஞாயிற்றுக்கிழமை ஈ காக்கை கிடையாது என்று தெரிந்த அன்றைக்கு, "யாரு அவ?" என்று கேட்டேன். நீங்கள் தலையைக் குனிந்துகொண்டு நின்றீர்கள். எனக்கு அது போதுமாக இருந்தது. இப்போது கேட்பது பள்ளியைப் பற்றி மட்டும்.

இப்படிக்கு,
மகளின் அம்மா


மார்ச் 15

அன்புள்ள உனக்கு,

உன் கையெழுத்தை உறையில் பார்த்ததும் கண்ணாடியைத் தேடினேன். நெற்றியிலேயே இருந்தது. ரிட்டயர் ஆன பிறகு இப்படித்தான் ஆகிவிட்டேன். முதுகுவலி விட்டுவிட்டு வருகிறது. நீ வைத்துவிட்டுப் போன பூந்தொட்டிகளில் ஒன்று மட்டும் உயிரோடு இருக்கிறது, பெயர் தெரியவில்லை, சிவப்பாகப் பூக்கிறது.

ஜூடோ விஷயம். எனக்கு என்ன தெரியும்? சைக்கிள் கடைக்கு மேலே இருந்த அந்தக் கட்டடத்தை இடித்து எத்தனையோ வருஷம் ஆகிறது. மாஸ்டர் அப்போதே தன் மகனோடு வெளியூர் போய்விட்டார் என்று கேள்வி. இறந்துவிட்டதாகவும் சொன்னார்கள். அந்தக் கூட்டத்தில் யாரும் இங்கே இருப்பதாகத் தெரியவில்லை.

நான் சொல்வதைத் தப்பாக எடுத்துக்கொள்ளாதே. இந்த வயதில் எலும்பு ஒன்று முறிந்தால் யார் பார்ப்பார்கள்? உனக்கு உடம்பை அசைக்க வேண்டுமென்றால் காலையில் நடக்கலாமே. போனது போகட்டும், கிணறு தூர்ந்த பிறகு கயிற்றைத் தேடி என்ன பயன்?

மாடி அறையில் ஒழுகிக்கொண்டிருந்த இடத்தைச் சரி செய்துவிட்டேன். ஒரு நாள் வந்து பாரேன்.

அன்புடன்,
உன் கணவன்


மார்ச் 23

மகளின் அப்பாவுக்கு,

கிணறு தூர்ந்ததா இல்லையா என்று நானே வந்து எட்டிப் பார்க்கப் போகிறேன்.

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். பூந்தொட்டி இருக்கிறது, முதுகு இருக்கிறது, மாடி ஒழுகல் இருக்கிறது. நான் கேட்டதற்குப் பதில் மட்டும் "கேள்வி", "சொன்னார்கள்" என்று நழுவுகிறது. ஒரு சாண் நிலத்துக்குக்கூட நாலு பக்கமும் எல்லை எழுதாமல் கையெழுத்துப் போடாத மனிதர் நீங்கள்.

கல்யாணமாகி மூன்றாம் மாதம் நீங்கள் வந்து "மாஸ்டர் கிளாஸை மூடிட்டாரு" என்று சொன்ன சாயங்காலம் எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. செருப்பைக்கூடக் கழற்றவில்லை நீங்கள். எனக்கு நம்பிக்கை வரவில்லை. மறுநாள் நானே போய்ப் பார்த்தேன். படிக்கட்டுக் கதவில் பூட்டு. மேலே ஜன்னல் வழியாக வெறும் சுவர் தெரிந்தது, அதில் சாத்தி வைத்திருக்கும் மெத்தைகள் இல்லை. அதற்கப்புறம் அந்தத் தெருப் பக்கமே நான் போனதில்லை. அன்று திரும்பி வந்து சமையலறையில் அழுதேன். வீட்டுக்கு வந்திருந்த உங்கள் அப்பா "எதுக்கு இப்ப இழவு வீடு மாதிரி?" என்றார். தேர்வுக்கு மூன்றே வாரம் இருந்தது. அங்கே தேர்வு ஜோடியாகத்தான் நடக்கும் என்பது உங்களுக்கு மறந்திருக்காது: தூக்கிப் போடுவதற்குப் பாதி மார்க், விழுவதற்குப் பாதி மார்க். பம்பரமும் மெத்தையும் ஒரு ஜோடி என்று மாஸ்டரே பலகையில் எழுதிப் போட்டிருந்தார். நான் சுற்றித் தூக்கிப் போடுவேன், அதனால் பம்பரம். நீங்கள் விழுவீர்கள், அதனால் மெத்தை.

மாஸ்டர் போய்விட்டிருந்தாலும் அவரைத் தெரிந்த யாராவது இருப்பார்கள். நான் கிளம்பி வந்த பிறகு தெருப் பெயர்களையெல்லாம் மாற்றிவிட்டார்களாம். நீங்கள் எனக்குச் செய்ய வேண்டிய உதவி ஒன்றே ஒன்று. பழைய வகுப்பு ஆட்கள் யாராவது இருக்கக்கூடிய இடத்துக்கு ஒரு வரைபடம் போட்டு அனுப்புங்கள். அடுத்த மாதம் இரண்டாம் ஞாயிறு எனக்கு லீவு. அன்று வருகிறேன்.

இப்படிக்கு,
மகளின் அம்மா


ஏப்ரல் 2

அன்புள்ள உனக்கு,

உன் பிடிவாதம் தெரிந்ததுதானே. வரைபடம் இதோடு இருக்கிறது. பஸ் நிலையத்திலிருந்து வடக்கே போய், பெரிய சாக்கடைப் பாலம் தாண்டி, இரண்டாவது வலது பக்கம். மாஸ்டருக்குத் தூரத்துச் சொந்தக்காரர் ஒருவர் அந்தப் பக்கம் இருந்ததாக ஞாபகம். இப்போதும் இருக்கிறாரா என்று உறுதியாகச் சொல்ல முடியாது. ஆள் இல்லையென்றால் மனதைத் தேற்றிக்கொள்.

ஞாயிற்றுக்கிழமை வராதே. பஸ்ஸில் நிற்க இடம் இருக்காது, கடை கண்ணியும் மூடியிருக்கும், வழி கேட்கக்கூட ஆள் கிடைக்காது. புதன்கிழமை வா. நானே பஸ் நிலையத்துக்கு வருகிறேன். வெயிலில் அலையாமல் வீட்டில் சாப்பிட்டுவிட்டுப் போகலாம். உனக்குப் பிடித்த மாதிரி காரம் குறைவாகச் செய்யக் கற்றுக்கொண்டிருக்கிறேன்.

அன்புடன்,
உன் கணவன்


ஏப்ரல் 10, லாட்ஜ் அறையிலிருந்து

மகளின் அப்பாவுக்கு,

புதன்கிழமை வா என்றீர்கள், வந்தேன். காலை முதல் பஸ்ஸிலேயே வந்துவிட்டதால் உங்களைப் பஸ் நிலையத்தில் பார்க்கவில்லை. பார்க்கவும் விரும்பவில்லை.

உங்கள் வரைபடம் அருமை. வடக்கு அம்புக்குறி, அளவுகோல், பாலத்துக்குக் கைப்பிடிகூட வரைந்திருக்கிறீர்கள். அதைப் பிடித்துக்கொண்டே போனால் ஒரு தண்ணீர்த் தொட்டி வந்தது. வாசலில் படுத்திருந்த காவல்காரரிடம் ஜூடோ மாஸ்டரின் சொந்தக்காரர் வீடு எது என்று கேட்டேன். "இங்க தண்ணி மட்டும்தாம்மா இருக்கு" என்றார்.

அப்புறம் என் புத்திக்குப் பட்டபடி பழைய சைக்கிள் கடைத் தெருவுக்குப் போனேன். கட்டடத்தை இடிக்கவே இல்லை. கீழே சைக்கிள் கடை இருந்த இடத்தில் சாவி செய்கிறவர் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். அவரிடம் கேட்டேன்.

"ஜூடோவா? இங்கேருந்து காலி பண்ணி ஏகப்பட்ட வருஷம் ஆச்சே."

"மூடிட்டாங்களா?"

"மூடலியே. மெயின் ரோட்டுக்கு அந்தப் பக்கம், மோட்டார் ரீவைண்டிங் கடை மாடியில. போர்டு எல்லாம் கிடையாது. ஞாயித்துக்கிழமை காலையில போங்க. கீழ நிக்கும்போதே தொப்பு தொப்புன்னு சத்தம் கேக்கும்."

நான் அங்கேயே அவருடைய ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். டீ வாங்கிக் கொடுத்தார், யாரென்றே தெரியாத மனிதர்.

ஞாயிறு வராதே என்று எழுதியது எதற்காக என்று எனக்கு இப்போது ஒரு சந்தேகம் இருக்கிறது. சந்தேகமாகவே இருக்கட்டும். லீவை நீட்டிக்கொண்டு ஞாயிறு வரை இங்கேதான் இருக்கப் போகிறேன். இந்தக் கடிதம் உங்களுக்கு வெள்ளிக்கிழமை கிடைத்துவிடும். சொல்லாமல் செய்கிற பழக்கம் எனக்கு இல்லை, அதனால் எழுதுகிறேன்.

மகளின் அம்மா


ஏப்ரல் 15

மெத்தைக்கு,

இன்றைக்கு நீங்கள் என்று எழுதக் கை வரவில்லை. கல்யாணத்துக்கு முன்னால் உன்னை டா போட்டுத்தான் கூப்பிட்டேன். தாலி ஏறிய மறுநாள் வாங்க போங்க ஆனது. இந்த ஒரு கடிதத்துக்கு மட்டும் பழையபடி எழுதிக்கொள்கிறேன்.

ஞாயிறு போனேன். சத்தம் கேட்டது. படியேறினேன். மாஸ்டர் மகள் வெள்ளை உடுப்பில் நின்றுகொண்டிருந்தாள். நாம் கற்றுக்கொண்டிருந்தபோது மெத்தை ஓரத்தில் தூங்கிப்போகுமே அந்தக் குழந்தை, அவள்தான் இப்போது பள்ளியை நடத்துகிறாள். பம்பரம் என்று சொன்னதும் என்னைத் தெரிந்துகொண்டாள். ஓடி வந்து என் வலது தோளை, கண்ணாடிச் சாமானைத் தொடுகிற மாதிரி, மெதுவாகத் தொட்டாள்.

"அக்கா! உங்க கை இப்ப எப்படி இருக்கு?"

"எந்தக் கை?"

"மாடிப்படியில விழுந்து தோள் போச்சே உங்களுக்கு. தூக்கவே முடியாதுன்னு அண்ணன் சொல்வாரே."

எந்த அண்ணன் என்று கேட்க வேண்டிய அவசியம் இருக்கவில்லை. சுவரில் நீ இருந்தாய். பிளாக் பெல்ட் கட்டிக்கொண்டு, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு. படத்துக்குக் கீழே தேதி இருந்தது. அந்த மாதம்தான் நான் மகளை வயிற்றில் வைத்துக்கொண்டு உன் அப்பாவுக்குக் கஞ்சி வைத்துக்கொண்டிருந்தேன். அதற்குப் பக்கத்திலும் நீதான், இன்னொரு வருஷம். அதற்குப் பக்கத்திலும் நீ. கடைசிப் படத்தில் உனக்கு நரைத்திருக்கிறது.

"அண்ணன் ஒரு ஞாயிறுகூட லீவு போட்டதில்லக்கா. இன்னிக்கு ஏன்னு தெரியல, முதல் தடவையா வரல" என்றாள் அவள். எனக்குத் தெரிந்தது.

அவளிடம் கேட்டுக் கேட்டு வாங்கினேன். பள்ளி மூடவே இல்லை, இடம்தான் மாறியது. எனக்கு நீ பூட்டைக் காட்டினாய், அவர்களுக்கு என் தோளைக் காட்டினாய். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேட்டிருக்கிறேன். நீ ஒரு மனுஷியையே மறைத்திருக்கிறாய். மாஸ்டர் என்னைப் பார்க்க வீட்டுக்கு வரவேண்டும் என்று எத்தனையோ முறை கேட்டாராம். "அவ அழுவா மாஸ்டர், வேண்டாம்" என்று நீ தடுத்துவிட்டாயாம். சாகும்வரை மனுஷன் என் தோளுக்காகக் கவலைப்பட்டிருக்கிறார்.

எண்ணெய் விஷயத்தையும் சொன்னாள். என் தோளுக்கென்று அவரே காய்ச்சி மாதாமாதம் பாட்டிலில் உன்னிடம் கொடுத்தனுப்புவாராம். கற்பூர வாசனை அடிக்கும் பழுப்பு எண்ணெய். நீ அதை ஆபீஸ் டாக்டர் கொடுத்தது, முதுகுக்கு என்று சொல்லிக்கொண்டு வருவாய். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் குப்புறப் படுத்துக்கொள்வாய். நான் தேய்ப்பேன். கன்றிப்போன இடத்தைக் கேட்டால் அளவைக் கல்லில் தடுக்கி விழுந்தேன் என்பாய். எனக்கு வந்த எண்ணெயை, நான் போக முடியாத வகுப்பில் நீ வாங்கிக்கொண்டு வந்த அடிக்கு, என் கையாலேயே தேய்த்திருக்கிறேன். எத்தனை வருஷம்! மெதுவா, மெதுவா என்று வேறு முனகுவாய்.

"யாரு அவ?" என்று நான் கேட்டபோது நீ ஏன்டா வாயைத் திறக்கவில்லை? ஒரு பெண் இருக்கிறாள் என்று நினைத்து நான் வீட்டை விட்டே போனேன். மகள் உன்னோடு ஒரு வருஷம் பேசவில்லை. நீ பேசாமல் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாய். ஒரு பெண்ணாகவே இருந்திருந்தால் என்றைக்காவது மன்னித்திருப்பேன். அவள் என்னிடமிருந்து எடுத்தது உன்னை மட்டும்தானே, போகட்டும் என்று விட்டிருப்பேன். நீ எடுத்தது என்னை.

இத்தனையும் கேட்ட பிறகும் அந்தப் பெண்ணிடம் தேர்வைப் பற்றிக் கேட்டுவிட்டுத்தான் வந்தேன். என் பெயர் இன்னும் பிரவுன் பெல்ட்டில்தான் இருக்கிறது. ஜூனில் அங்கேயே நிற்கலாம் என்கிறாள். என் கையைத் தூக்கிக் காட்டினேன். அழுதுவிட்டாள்.

பம்பரம்


ஏப்ரல் 27

அன்புள்ள உனக்கு,

பதில் எழுதப் பலமுறை உட்கார்ந்து எழுந்துவிட்டேன். நீ சொன்னதில் பொய் ஒன்றுமில்லை. ஆனால் நான் அயோக்கியன் இல்லை.

கல்யாணம் ஆன புதிதில் ஒரு நாள் என் அப்பா வகுப்பைப் பார்க்க வந்தார், நினைவிருக்கிறதா? நீ என்னைத் தூக்கிப் போட்டாய். எல்லோரும் "மெத்தை! மெத்தை!" என்று கைதட்டினார்கள். நீயும் சிரித்தாய். உனக்கு அது விளையாட்டு. வீடு திரும்பும் வழியில் அப்பா சொன்னார்: "பொண்டாட்டி பந்தாடுறதுக்கா உன்னைப் பெத்தேன்? அவ அங்க போற வரைக்கும் நான் உன் வீட்டுப் படி ஏற மாட்டேன்." அந்த மாதமே மாஸ்டர் இடம் மாற்றினார். பூட்டு தானாகவே கிடைத்தது. நான் வாங்கி மாட்டவில்லை.

நானும் விட்டுவிட வேண்டும் என்றுதான் இருந்தேன். கடைசியாக ஒரு தடவை சொல்லிவிட்டு வரலாம் என்று போனேன். அன்றைக்கு ஒருவனைத் தூக்கிப் போட்டேன். அதுவரை நான் யாரையும் சரியாகத் தூக்கிப் போட்டதே இல்லை, நீ இருக்கும்போது எனக்கு விழத்தான் வாய்த்தது. யாரும் என்னை மெத்தை என்று கூப்பிடவில்லை. அந்த இடத்தில் நான் வேறு ஆள். அடுத்த ஞாயிறும் போனேன். நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று வருஷம் ஓடிவிட்டது. இடையில் ஒன்றும் சொல்ல முடியாத அளவுக்கு அது பெரிதாகிவிட்டது.

"யாரு அவ?" என்று நீ கேட்டபோது ஒன்று தோன்றியது. ஒரு பெண் என்று நினைத்தால் நீ அழுவாய், கத்துவாய், போவாய், என்றைக்காவது திரும்பி வருவாய். உண்மை தெரிந்தால் வரமாட்டாய். அதனால்தான் பேசாமல் நின்றேன்.

ஜூனில் தேர்வுக்கு உனக்கு ஜோடி வேண்டும். பிளாக் பெல்ட் உள்ளவர்தான் நிற்க முடியும், எடையும் ஒத்துவர வேண்டும். மாஸ்டர் மகள் தேர்வு நடத்துகிறவள், அவள் நிற்க முடியாது. மற்ற இரண்டு பேரும் உன்னைப்போல் இரண்டு மடங்கு. நான் நிற்கிறேன். அன்றைக்கு நடக்க வேண்டிய தேர்வு நடக்கட்டும். வேறு எப்படி ஈடு செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

ஒரே ஒரு வேண்டுகோள். மகளிடம் இதைச் சொல்லாதே. இப்போதுதான் வாரம் ஒரு முறை பேசுகிறாள்.

நீ வந்துபோன பிறகு வகுப்பில் பையன்கள் என்னை மெத்தை அண்ணா என்கிறார்கள். யார் சொன்னது என்று நான் கேட்கவில்லை.

அன்புடன்,
உன் கணவன்


மே 6

மகளின் அப்பாவுக்கு,

சரி. நில்லுங்கள்.

நீங்கள் நியாயம் சொன்னதால் அல்ல, எனக்கு வேறு ஜோடி இல்லாததால். ஆற்றைக் கடக்கும் வரை அண்ணன் தம்பி, அப்புறம் நீ யாரோ நான் யாரோ என்பார்களே, அந்தக் கணக்குதான். இதில் வேறு எதையும் சேர்த்துப் படிக்காதீர்கள்.

பயிற்சிக்கு உங்களோடு வரமாட்டேன், இங்கேயே செய்துகொள்கிறேன். ஜூன் கடைசி ஞாயிறு நேரே அங்கே வருகிறேன். உங்கள் அப்பாவைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அவர் கடைசி மூன்று வருஷமும் நம் வீட்டில்தான் படுத்திருந்தார். என் கையால்தான் சாப்பிட்டார். அவரிடம் ஒரு நாள், "அப்பா, அவளும் வரட்டுமே" என்று சொல்லிப் பார்த்தீர்களா? அதை மட்டும் நீங்கள் எழுதவில்லை.

மகளின் அம்மா


ஜூன் 20

அன்புள்ள உனக்கு,

கடைசி ஞாயிறு நெருங்குகிறது. எனக்குத்தான் தேர்வு மாதிரி இருக்கிறது. நகம் வெட்டிவிட்டேன். உடுப்பை முதல் முறையாக வீட்டிலேயே துவைத்து, வாசலிலேயே காயப்போட்டேன். பக்கத்து வீட்டம்மா "இது என்ன சார், டாக்டர் கோட்டா?" என்றார். "ஜூடோ" என்று சொன்னேன். சொல்ல எவ்வளவு சுலபமாக இருந்தது!

மாடி அறைக்கு வெள்ளை அடித்திருக்கிறேன். கட்டிலை ஜன்னல் பக்கம் திருப்பிப் போட்டிருக்கிறேன். நீ சொல்லிக்கொண்டே இருந்தாய், நான்தான் கேட்கவில்லை. தேர்வு முடிந்து உடனே பஸ் ஏற வேண்டாம். வலியாக இருக்கும். ஒரு நாள் இருந்துவிட்டுப் போ. இருந்துவிட்டாலும் சரி.

நான் நன்றாக விழுவேன். பயப்படாதே.

அன்புடன்,
மெத்தை


ஜூலை 3

மகளின் அப்பாவுக்கு,

தேர்வு முடிந்து படியிறங்கும்போது, "பரவால்ல விடு, அடுத்த தடவை பாத்துக்கலாம். வீட்டுக்கு வா" என்றீர்கள். நான் நேரே போய் பஸ் ஏறிவிட்டேன். அங்கே நின்று பேசினால் கத்தியிருப்பேன். இப்போது சொல்கிறேன்.

தூக்கிப் போட்ட பாதியில் எனக்குக் குறையே இல்லை என்று மூன்று தேர்வாளர்களும் எழுதியிருக்கிறார்கள். அதில் உங்களுக்கும் பங்கு உண்டு. நீங்கள் சொன்ன மாதிரியே நன்றாக விழுந்தீர்கள். விழுவதில் உங்களை மிஞ்ச ஆளில்லை. குப்புற விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டாது.

அடுத்த பாதியில் நீங்கள் தூக்கிப் போட வேண்டும், நான் விழ வேண்டும். நீங்கள் பிடித்ததில் தப்பில்லை. திரும்பியதிலும் தப்பில்லை. என் கால் தரையை விட்டதும் சும்மா இருக்க வேண்டிய என் கை போய் உங்கள் கழுத்துப் பட்டையைப் பிடித்துக்கொண்டது. விழுகிறவள் பிடிக்கக் கூடாது. முதல் நாள் சொல்லிக்கொடுக்கிற பாடம். இரண்டாம் தடவை பிடிக்கக் கூடாது என்று சொல்லிக்கொண்டே வந்து நின்றேன், மறுபடி பிடித்தேன். மூன்றாம் தடவை உங்களையும் இழுத்துக்கொண்டு பக்கவாட்டில் விழுந்தேன். தேர்வாளர் ஒருவர் "வயசாயிடுச்சு, பயம் வந்திருக்கும்" என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னது எனக்குக் கேட்டது. நீங்களும் அப்படித்தான் நினைத்திருப்பீர்கள்.

வயது இல்லை. முந்தின வாரம் முழுக்க நான் எங்கள் கூடத்தில் விழுந்திருக்கிறேன். கோச் பையன் போட்டான், விழுந்தேன். பட்டன் தைக்கிற பெண், ஜூடோவில் சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை, தாறுமாறாகப் போட்டாள். அவளுக்கும் விழுந்தேன். யார் போட்டாலும் என் உடம்பு தளர்ந்து விழுகிறது. நீங்கள் போட்டால் மட்டும் விழ மாட்டேன் என்கிறது. நான் முயற்சி செய்யாமல் இல்லை, அதை நீங்கள் நம்ப வேண்டும். எனக்கு அந்த பெல்ட் அவ்வளவு வேண்டியிருந்தது. உங்கள் கையை நம்பி ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, விட்டிருந்தால் கிடைத்திருக்கும். முடியவில்லை.

பஸ்ஸில் வரும்போது அழுதேன். தோற்றதற்காகத்தான் அழுதேன், உங்களுக்காக இல்லை. வீடு வந்து சேர்ந்தபோது ஒன்று தெளிவாகிவிட்டது. தெரிந்தோ தெரியாமலோ நீங்கள் கேட்ட கேள்விக்கெல்லாம் என் உடம்பே பதில் சொல்லிவிட்டது. நான் வீட்டுக்கு வரமாட்டேன். கோபத்தில் எழுதவில்லை. கோபம் இருந்தால் எப்போதாவது தீர்ந்துபோகும், வந்துவிடுவேன்.

டிசம்பரில் மறுபடி நிற்கிறேன். மாஸ்டர் மகளே ஜோடியாக நிற்கிறேன் என்று சொல்லியிருக்கிறாள், தேர்வு நடத்த வேறு ஆளைக் கூப்பிட்டுக்கொள்கிறாளாம். அன்றைக்கு மட்டும் நீங்கள் வரவேண்டாம். மற்ற ஞாயிறுகளில் வழக்கம்போல் போங்கள். அந்த இடத்தை உங்களிடமிருந்து பறிக்க எனக்கு ஆசையில்லை, பறிகொடுத்தால் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். மாடி அறையை வாடகைக்கு விடுங்கள். வெள்ளை அடித்த அறை சும்மா கிடக்க வேண்டாம்.

மகளிடம் சொல்லாதே என்று கேட்டிருந்தீர்கள். சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கே போனீர்கள் என்று என்றைக்காவது அவள் கேட்டால், ஒரு பெண்ணிடம் போனேன் என்றே சொல்லிவிடுங்கள். அதையாவது அவளால் மன்னிக்க முடியும்.

இப்படிக்கு,
மகளின் அம்மா